உஷார்! கன்னத்தில் சிவக்கிறதெல்லாம் அக்கி இல்லை

முருங்கைக்காட்டு வேலைக்குப் போய் வருகிற பெண்ணுக்கு இரண்டு கன்னமும் சிவந்து, அந்தச் சிவப்பு மூக்குத் தண்டின் மேல் ஒன்றாகச் சேர்ந்தால் நம் பக்கத்தில் என்ன சொல்கிறோம்? "வெய்யில் ஒத்துக்கலீங்க" என்கிறோம். இல்லையென்றால் அக்கி என்று முடிவு கட்டி, காவி குழைத்து எழுதிவிடச் சொல்லி மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லையா, மெடிக்கலில் செட் மாத்திரை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் போர் தண்ணீர் மேல் பழி. வாயில் ஆறாத புண் வந்தால் உடம்புச் சூடு.

தாராபுரம், மூலனூர், குண்டடம் பக்கத்துத் தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, இந்த நான்கும் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வந்தால் தயவுசெய்து நான்காகப் பார்க்காதீர்கள். நான்கும் சேர்ந்து ஒரே நோயாக இருக்கலாம். அதன் பெயர் லூபஸ். வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடம்பையே தாக்கும் நோய் அது. தோலைத் தொடும், மூட்டைத் தொடும், பிறகு சிறுநீரகத்துக்குப் போகும். சிறுநீரகத்தில் அது வேலை செய்வது பெரும்பாலும் வலியே இல்லாமல். கால் வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். இந்த நோய் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதுவும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள்தான் அதிகம்: கல்லூரிக்குப் போகிற மகள், பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிற தங்கச்சி, கைக்குழந்தையோடு இருக்கிற மருமகள்.

இப்படிச் சொந்த உடம்பின் மேலேயே படை திரும்புவதற்குக் காரணம் ஒன்று மட்டும் கிடையாது. பரம்பரை உண்டு, ஹார்மோன் உண்டு, வெய்யில் உண்டு, சில மருந்துகளும் உண்டு. ஆனால் கடந்த இருபது, முப்பது ஆண்டு ஆராய்ச்சியில் இன்னொரு சந்தேகத்துக்குரிய ஆள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. நம் ஒவ்வொருவரின் டிஎன்ஏவுக்குள்ளும் இருக்கிற, பல லட்சம் ஆண்டுகளுக்கும் பல கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய வைரஸ்களின் மிச்சம் அது. இதை விளங்கிக்கொண்டால், மூட்டு வலிக்கும் முகத் தடிப்புக்கும் நாம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் பல சங்கதிகள் எவ்வளவு ஆபத்தானவை என்பது புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அக்கியிலிருந்தே தொடங்குவோம். சின்ன வயதில் சின்னம்மை போட்டவர்களுக்கு, தழும்பு ஆறிய பிறகும் அந்த அம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் நாற்பது, ஐம்பது வருஷம் சத்தமில்லாமல் கிடக்கிறது. வயதாகி, அல்லது சர்க்கரை நோயாலோ வேறு மருந்துகளாலோ எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போலக் கொப்புளம் வரும். எரிச்சலும் குத்தலும் தாங்க முடியாது. லூபஸ் சிவப்பு இரண்டு கன்னத்திலும் சமமாக வரும், கொப்புளம் இருக்காது, வெய்யிலில் போனால் கூடும். இந்த வித்தியாசம் ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உண்மையான அக்கிக்கும் காவி மருந்தாகாது. வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

ஆக, ஒரு வைரஸ் உடம்பில் தங்கிப் பல வருஷம் கழித்து எழும் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. அம்மை வைரஸ் நரம்பு செல்லுக்குள் குடியிருக்கிறதே தவிர, நம் டிஎன்ஏவோடு கலந்துவிடுவதில்லை. அப்படிக் கலக்கிற ஜாதி வேறு. ரெட்ரோவைரஸ் என்று பெயர்.

ரெட்ரோவைரஸும் தமிழ்நாட்டுக்குத் தெரிந்ததுதான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நாமக்கல் வட்டாரத்தில் எத்தனை லாரிக் குடும்பங்கள் அதனால் தவித்தன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எச்ஐவி ஏன் உடம்பை விட்டுப் போவதில்லை? அது செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதி, நம் டிஎன்ஏவுக்கு நடுவில் செருகிவிடுகிறது. அப்படி மாற்றி எழுதும் நொதியை 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1975-ல் நோபல் பரிசு பெற்றார்கள். எச்ஐவி செருகுவது எதிர்ப்புச் சக்தி செல்களில். அதனால் அந்தச் செருகல் அந்த ஆளோடு முடிந்துபோகிறது.

மிகப் பழங்காலத்தில் வேறு சில ரெட்ரோவைரஸ்கள் நம் முன்னோரின் கருமுட்டையிலும் விந்தணுவிலும் போய்ச் செருகிக்கொண்டன. அப்படிப் பிறந்த குழந்தையின் ஒவ்வொரு செல்லிலும் அந்த வைரஸ் எழுத்து இருந்தது. அதன் பிள்ளைக்கும் போனது, பேரனுக்கும் போனது. 2001-ல் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு வெளியானபோது தெரிந்த கணக்கு திகைக்க வைக்கிறது: நம் டிஎன்ஏவில் ஏறத்தாழ 8 சதவீதம் இப்படிப்பட்ட வைரஸ் மிச்சம். நம் உடம்பைக் கட்டும் புரதங்களுக்கான மரபணுக்களோ 2 சதவீதத்துக்கும் குறைவு. இது என்றோ முடிந்துபோன கதை என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கோலா விலங்குகளில் ஒரு ரெட்ரோவைரஸ் இப்போதுதான் பரம்பரை டிஎன்ஏவுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. ரத்தப் புற்றுநோயால் அவை கூட்டம் கூட்டமாகப் பாதிக்கப்படுகின்றன.

இந்தப் பழைய வைரஸ்கள் முழுக்கக் கெட்டவை என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். கருவில் குழந்தைக்கும் தாய்க்கும் நடுவே நஞ்சுக்கொடி உருவாகச் 'சின்சிடின்' என்ற புரதம் வேண்டும். அது ஒரு பழைய வைரஸின் மேலுறைப் புரதம் என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் அன்று நுழைந்திராவிட்டால் இன்று நாம் பிறக்கிற விதமே வேறாக இருந்திருக்கும். எதிர்ப்புச் சக்தியிலும் பழைய வைரஸ்களுக்குப் பங்கு உண்டு. 2016-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சுவாங், நெல்ஸ் எல்டே, செட்ரிக் ஃபெஷாட் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். கிருமி வந்ததும் அபாய அறிவிப்பு கொடுக்கும் வேதிப்பொருள் இன்டர்ஃபெரான். அதன் அழைப்பைக் கேட்டு எழும் மரபணுக்கள் சிலவற்றுக்குப் பக்கத்தில் பழைய வைரஸ் துண்டுகள் இருந்தன. அவற்றை வெட்டி எடுத்ததும் அந்த மரபணுக்கள் ஒழுங்காக எழவில்லை. அதாவது நம் காவல் ஏற்பாட்டின் ஒரு பகுதியே வைரஸ் விட்டுச் சென்ற எழுத்தில்தான் இயங்குகிறது.

லூபஸ் நோயாளி வீட்டில் இருந்தால் அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சி3, சி4 என்று இரண்டு வரி இருக்கும். சி4 என்பது கிருமிகளையும் செத்த செல்களின் குப்பையையும் அப்புறப்படுத்த உதவும் புரதம். அதன் மரபணு சிலருக்கு நீளமாக இருக்கும், சிலருக்குக் குட்டையாக இருக்கும். காரணம், நீளமான வடிவத்தின் நடுவில் ஒரு பழைய வைரஸ் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. சி4 மரபணுவின் பிரதிகள் குறைவாக உள்ளவர்களுக்கு லூபஸ் வரும் அபாயம் அதிகம். 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: சி4 தரும் பாதுகாப்பு ஆண்களுக்குக் கூடுதலாகவும் பெண்களுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது என்று காட்டியது. பெண்களை இந்த நோய் ஏன் குறிவைக்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளில் இதுவும் ஒன்று. நோயாளியின் கையிலேயே இருக்கிற காகிதத்தில் இந்த வரலாறு அச்சாகியிருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, பழைய வைரஸ் எழுத்து எல்லோரிடமும் இருந்தும் எல்லோருக்கும் ஏன் நோய் வரவில்லை? உடம்பு அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. மெத்தில் என்ற சிறு வேதிப்பொருள் டிஎன்ஏவின் மேல் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வாசிக்கப்படாது, அதுவே பூட்டு. பூட்டு கழன்றால் வைரஸ் துண்டுகள் படியெடுக்கப்படும். அவற்றால் புதிய வைரஸாக எழுந்து ஊரெல்லாம் பரவ முடியாது. மிகப் பெரும்பாலானவை சிதைந்து போனவை. ஆனால் செல்லுக்குள் இருக்கும் காவல் உணரிகளுக்கு அது பழையது, புதியது என்ற பேதம் தெரியாது. வைரஸ் வந்துவிட்டது என்று இன்டர்ஃபெரானைக் கொட்டும்.

இது வெறும் ஊகம் கிடையாது. ரத்தப் புற்றுநோய்க்குத் தருகிற அசாசிடிடின் வகை மருந்துகள் இந்த மெத்தில் பூட்டுகளைக் கழற்றும். அப்படிக் கழன்றதும் புற்று செல்லுக்குள் பழைய வைரஸ்கள் படியெடுக்கப்பட்டு, இன்டர்ஃபெரான் கிளம்பி, எதிர்ப்புச் சக்தி அந்தச் செல்லைத் தாக்க வருகிறது என்று 2015-ல் கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. புற்றுநோய்க்கு அது வரம். பூட்டு நல்ல செல்லில் கழன்றால்? 1988-லேயே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற ஹைட்ரலசின், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தருகிற புரோகைனமைட் ஆகிய இரண்டும் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த டி செல்களின் மெத்தில் பூட்டைக் குறைத்தன. அந்த டி செல்கள் சொந்த உடம்புக்கு எதிராகத் திரும்பின. இந்த இரண்டு மருந்தும் சிலருக்கு லூபஸ் போன்ற நோயை உண்டாக்கும் என்பது அதற்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரியும். ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் அன்று கிடைத்தது.

லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் ஓங்கி நிற்பது பல ஆய்வுகளில் உறுதியானது. 2021-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மரியா டோக்குயாமா, அகிகோ இவாசாகி குழுவினர் அந்த ரத்தத்தில் இன்னொன்றையும் கண்டார்கள். பழைய வைரஸ்களில் கடைசியாக நம் டிஎன்ஏவுக்குள் நுழைந்த எச்இஆர்வி-கே என்ற குடும்பத்தின் மேலுறைக்கு எதிரான எதிர்பொருள் பல நோயாளிகளிடம் இருந்தது. அது வெள்ளணுக்களைக் கிளப்பிவிட்டு அழற்சியைக் கூட்டியது. பழைய வைரஸ்தான் லூபஸை ஆரம்பித்து வைக்கிறது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆரம்பித்த நெருப்பில் அது எண்ணெய் ஊற்றுகிறது என்பதற்கான சாட்சியம் மட்டும் கூடிக்கொண்டே வருகிறது. இன்டர்ஃபெரானின் வேலையைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பலருக்கு நோயைத் தணிக்கிறது என்பதே, சண்டை எந்த இடத்தில் நடக்கிறது என்று காட்டப் போதும்.

இனி, உஷார் சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு நம் ஊர்க் கடைகளில் 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடி, லேகியம், சாறு, மாத்திரை இல்லாத அலமாரியே இல்லை. எதிர்ப்புச் சக்தி ஏற்கனவே வெறி பிடித்துச் சொந்த உடம்பைத் தாக்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அதை இன்னும் கூட்டிவிடுவது எவ்வளவு பெரிய அபாயம்! இதற்கு நம் நாட்டிலேயே கண்கூடான சம்பவம் உண்டு. 2020-ல் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீங்கியது. சோதித்தபோது, உடம்பே தன் கல்லீரலைத் தாக்குகிற நோயின் அறிகுறிகள் தெரிந்தன. மும்பை மருத்துவர்கள் 2021-ல் இதைப் பதிவு செய்தார்கள். அடுத்து, பல நகர மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. அவர்களில் சிலருக்கு அதற்கு முன்பே தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் இருந்தன. ஆயுஷ் அமைச்சகம் இந்த முடிவை ஏற்கவில்லை, சீந்தில் பாதுகாப்பானது என்றே சொன்னது. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். லூபஸ், முடக்குவாதம், தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் இருப்பவர்கள், சீந்திலாகட்டும் வேறு எந்த 'இம்யூனிட்டி' சரக்காகட்டும், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வேலியோரம் முளைக்கிறது என்பதற்காக ஒரு கொடி தீங்கற்றதாகிவிடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து செட் மாத்திரை. பேப்பரில் மடித்துக் கொடுக்கிறார்கள்; பெயர் கிடையாது, அளவு கிடையாது. வலி உடனே பறந்துவிடுகிறது என்றால் அதற்குள் ஸ்டீராய்டு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2006-ல் சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டபோது தொடங்கிய இந்தப் பழக்கத்தை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு, லூபஸுக்கு மருத்துவரே தருகிற மருந்துதான். அளவு பார்த்து, சர்க்கரை பார்த்து, காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் தருவார், படிப்படியாகக் குறைப்பார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் முகம் உப்பும். "உடம்பு தேறிட்டா கண்ணு" என்று சொந்தபந்தம் சந்தோஷப்படும். உள்ளே எலும்பு கரையும், சர்க்கரை ஏறும், மூலையில் பதுங்கியிருந்த காசநோய் எழும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயின் அடையாளம் மறைந்து, சிறுநீரகம் கெடுவது தெரியாமலே போகும்.

மருமகளுக்குக் கரு தங்கவில்லை என்றால் ஜாதகத்தையும் குலதெய்வக் குறையையும் பேசுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. லூபஸோடு சேர்ந்து வரும் சில எதிர்பொருள்கள் நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்களில் ரத்தத்தை உறைய வைத்துக் கருவைக் கலைக்கும். பழைய வைரஸ் தந்த புரதத்தால் உருவாகும் அதே நஞ்சுக்கொடியை, திசை மாறிய எதிர்ப்புச் சக்தி அழிக்கிறது. இரண்டு, மூன்று முறை கரு கலைந்த பெண்ணுக்கு அந்த எதிர்பொருள் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் பலருக்கு ஆஸ்பிரின், ஹெப்பாரின் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்ற முடிகிறது. அந்தப் பெண்ணின் மேல் பழி போடுகிற நேரத்தில் அவளை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

வெய்யிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லூபஸ் உறுதியானவர்கள் உச்சி வெய்யிலில் காட்டு வேலை செய்வது நோயைக் கிளப்பும். புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சிதைத்து எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது. முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, காலை மாலை வேலை நேரம் என்று முதலாளிகளும் குடும்பமும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதேபோல், வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை வேண்டவே வேண்டாம்.

ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரலசின் சாப்பிடுகிறவர்கள், அதே பட்டியலில் வரும் ஐசோனியசிட்டைக் காசநோய்க்குச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அந்த நோய்களின் ஆபத்து இதைவிடப் பெரியது. புதிதாக மூட்டு வலி, காய்ச்சல், தடிப்பு வந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்; மருந்தால் வந்த லூபஸ் என்றால், அந்த மருந்தை மாற்றியதும் பெரும்பாலும் தணிந்துவிடும். லூபஸுக்கு நாள்தோறும் தருகிற ஹைட்ராக்சி குளோரோகுயினையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. 2020-ல் கொரோனாவுக்கு என்று ஊரே அந்த மாத்திரையை வாங்கிக் குவித்தபோது, உண்மையில் தேவைப்பட்ட லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். அது மறுபடி நடக்கக் கூடாது. இந்த மாத்திரையை வருஷக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கண் விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.

'மரபணுவைச் சுத்தம் செய்கிறோம்', 'டிஎன்ஏவில் உள்ள வைரஸை வெளியேற்றுகிறோம்' என்று யாராவது பொட்டலம் விற்க வந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள். ஒவ்வொரு செல்லிலும் பொதிந்திருக்கும் 8 சதவீதத்தைப் பிடுங்கி எறியும் மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. பிடுங்கினால் சின்சிடினும் சேர்ந்தே போகும்.

நடிகை சமந்தா 2022-ல் தனக்கு மயோசிடிஸ் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதுவும் உடம்பு தன் தசையையே தாக்கும் நோய். அவர் சொன்னதால் பல பெண்கள் தங்கள் அசதியைச் சோம்பல் என்று நினைப்பதை நிறுத்தியிருப்பார்கள். நம் ஊர்ப் பெண்களும் வாய் திறந்து சொல்ல வேண்டும்; வீட்டில் இருக்கும் ஆண்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கோவை தாராபுரத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். கன்னச் சிவப்பு, காலை நேர மூட்டுப் பிடிப்பு, முடி கொட்டல், ஆறாத வாய்ப்புண் என்ற நான்கில் இரண்டு சேர்ந்து இருந்தாலே இந்த வாரமே போய்ச் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பாருங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள், சொந்த உடம்புக்கு எதிரான எதிர்பொருளைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று வந்தாலே லூபஸ் என்று அர்த்தம் இல்லை. நோய் இல்லாதவர்களுக்கும் அப்படி வருவதுண்டு, மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்த்து மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். பல மாதமாகச் செட் மாத்திரையில் இருப்பவர்கள் அதை இன்றே தூக்கி எறிந்துவிடவும் கூடாது; ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சமிருக்கும் மாத்திரையை அந்தப் பேப்பரோடு கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.